தேய்ந்த கல்லின் சௌந்தரியம்

மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலின் மதில்மேல் வரிசையாக அமர்ந்திருக்கும் நந்திகளில், கொம்பும் கண்ணும் கரைந்து முதுகின் வளைவு மட்டுமே எஞ்சிய ஒன்றன் அருகே, காமிராவை ஒரு சாண் தூரத்தில் பிடித்துக் குனிந்து நோக்குகிறவனுக்கு, நந்தி மறைந்து வேறோர் உலகம் தோன்றுகிறது. 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பல்லவன் ராஜசிம்மன் காலத்தில் செதுக்கப்பட்ட அக்கல்லின் நுண்துளைகளில் கடற்காற்று உப்பைச் சேர்க்க, அவ்வுப்பு படிகமாகிப் பருத்துக் கல்மணிகளைப் பெயர்க்க, பறக்கும் மணல் எஞ்சியதை அராவ, சுமார் 1,300 ஆண்டுகளில் உண்டான குழிகளும் வரிகளும் லென்ஸில் மேகமாகவும் அலையாகவும் விரிகின்றன.

இது அழிவா, அழகா? ரூபம் குலைந்தது உண்மை. சிற்பியின் உளி செய்த நுட்பங்கள் இனித் திரும்பி வாரா. அதற்காக நெஞ்சு வருந்துவதும் நியாயமே. ஆயினும், பரம்பொருளை உருவம், அருவுருவம், அருவம் என மூன்று நிலைகளில் வைத்துத் தியானிக்கக் கற்பித்த சைவ சித்தாந்த மரபில் வளர்ந்து, கண்ணும் முகமும் இல்லாத லிங்கத்தின் முன் கைகூப்பிப் பழகிய மனம், உருவம் தேய்ந்து அருவத்தை நோக்கி நகரும் இக்கல்லில் வெறும் நாசத்தைக் காண்பது எங்ஙனம் இயலும்?

கல் தன் காலத்தைத் தர, காண்பவன் தன் பொறுமையைத் தர, இரண்டும் சந்திக்கும் க்ஷணத்திலேயே சௌந்தரியம் பிரகாசிக்கிறது. பெயரையும் பயனையும் சற்றே மறந்து, ஒரு விரற்கடை அகலமுள்ள கல்லின்முன் மனம் ஒடுங்கி நிற்கும் அந்தக் கவனத்தை வழிபாடு என்றே நான் கருதுகிறேன்.