வினைமுதல் இல்லாத கடிதம்

சர்க்கார் கடிதங்களை வாசித்துப் பழகியவர்கள் அறிவார்கள்: அவற்றில் எல்லாம் நடக்கும், ஆனால் யாரும் எதையும் செய்வதில்லை. விண்ணப்பம் பரிசீலிக்கப்படும், வருத்தத்துடன் நிராகரிக்கப்படும், மேலிடத்துப் பணிப்பின்பேரில் அறிவிக்கப்படும். இத்தனையும் செய்தவர் யாரென்று தேடினால் வாக்கியத்தில் வினைமுதலைக் காணோம். தமிழிலோ செய்கைக்கும் வினை என்றே பெயர், ஆன்மாவைத் தொடரும் கர்மத்துக்கும் வினை என்றே பெயர். முன்னதை வினைமுதலை மறைத்து எழுத இலக்கணம் இடம் கொடுக்கும். பின்னதற்குச் சைவ சித்தாந்தம் இடம் கொடுக்காது. (பௌத்தர்கள் இங்கே வேறு சொல்வார்கள், அந்த வழக்குக்குள் நான் இப்போது நுழையவில்லை.)

பசறையில், நமுனுகுல மலையின் சாரலில் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்த என் பாட்டனார் விட்டுச்சென்ற தகரப் பெட்டியில், பிறப்புச் சான்றிதழ்களுக்கும் பழைய துண்டுச் சீட்டுகளுக்கும் அடியில், ஒரு பெட்டிசத்தின் கார்பன் பிரதி கிடக்கிறது. பதுளைக் கச்சேரி வாசலில் காசு கொடுத்து இங்கிலீஷில் டைப் அடிப்பித்தது; 1949-ல், ஆறாம் ஜார்ஜ் மன்னருக்கு. ஈரம் பட்டு நீல எழுத்துக்கள் ஊறிப்போயிருந்தாலும் கேட்ட விஷயம் தெளிவாகவே இருக்கிறது: இந்த மண்ணில் பிறந்தவன் நான், 1947 தேர்தலில் வாக்களித்தவன், இப்போது நான் எந்த நாட்டுப் பிரஜை?

அந்தத் தேர்தலில்தான் பதுளை உட்பட ஏழு தொகுதிகளில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் வென்றது. 1948 பெப்ரவரி 4-ல் இலங்கை டொமினியன் ஆயிற்று. அவ்வாண்டின் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரைப் பிரஜைகளல்லாதாராக்கியது. மறு ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம் அவர்கள் வாக்கையும் எடுத்துக்கொண்டது.

பாட்டனார் அறியாத நுட்பம் ஒன்று உண்டு. தேசாதிபதி காலத்தில் ஒரு முறையீடு கொழும்பு வழியாக லண்டனிலிருந்த குடியேற்ற நாட்டு மந்திரியிடம் போயிருக்கும். அவர் படித்தாரோ இல்லையோ, படிக்கக் கடமைப்பட்டவர். ஆனால் 1926-ல் லண்டனில் கூடிய சாம்ராஜ்ய மகாநாடு, டொமினியனின் மகாதேசாதிபதி முடியின் பிரதிநிதியே தவிர பிரிட்டிஷ் அரசாங்கத்தின் பிரதிநிதியல்லர் என்றும், அரசாங்கங்கள் இரண்டும் தம்முள் நேரடியாகவே எழுதிக்கொள்ளலாம் என்றும் வகுத்துவிட்டது. டொமினியன் விஷயத்தில் மன்னர் நடப்பது அந்த டொமினியன் மந்திரிகளின் ஆலோசனைப்படி. ஆகவே கொழும்பு மந்திரிகள் செய்ததைப் பற்றி மன்னரிடம் முறையிட்டால், மன்னர் யாரைக் கேட்டுப் பதில் சொல்ல வேண்டும்? கொழும்பு மந்திரிகளை! சுயாட்சிக்கு இது நியாயமான விதிதான். இதை நான் பழிக்கவில்லை. ஆனால் சுயாட்சியில் இடம் கிடையாதென்று தள்ளப்பட்டவனுக்கு, அதே விதி மேலிருந்த கதவையும் சாத்திவிட்டது.

நீதிமன்ற வழியும் இருந்தது. எந்தச் சமூகத்தினர் மீதும் மற்றவர்க்கில்லாத குறைபாட்டைச் சுமத்தலாகாதென்று சோல்பரி அரசியலமைப்பின் 29-ஆம் பிரிவு சொல்லியது. அதைப் பற்றிக்கொண்டு கோடகன் பிள்ளை வழக்கு பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1953-ல், தன் பிரஜைகள் யாரென்று வரையறுப்பது ஒரு சட்டசபைக்கு இயல்பான உரிமை என்று அங்கே தீர்ந்தது. பின்னர் 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில் இப்படி நாடற்றுப்போன 9,75,000 பேர் எண்களாயினர்: 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பிறகு பார்த்துக்கொள்ளலாமென்று.

இதில் பாவம் யாரைச் சேரும்? எழுதிய குமாஸ்தா ஏவியபடி எழுதினான். ஏவியவர் சட்டப்படி ஏவினார். சட்டம் செய்தவர் பெரும்பான்மையைக் காட்டுவார். வினை சடம், தானே தன் கர்த்தாவைத் தேடிப் போக அதற்கு அறிவில்லை, ஆகையால் இறைவனே அதை உரியவனிடம் கொண்டு சேர்க்கிறான் என்பது சித்தாந்தம். இளமையில் இதை வறட்டுத் தருக்கமென்று நினைத்திருந்தேன். கோப்புகளின் நடுவே வாழ்ந்த பிறகு, கர்த்தா ஒளிந்துகொள்ளக்கூடியவன் என்பதை அறிந்தவர்கள் கண்ட தருக்கம் இது என்று தோன்றுகிறது. அநுராதபுரத்தில் ஆண்ட எல்லாளன் தன் படுக்கையின் தலைமாட்டில் மணி கட்டி, நீதி வேண்டுவோர் இழுக்கக் கயிற்றை வெளியே விட்டிருந்தான் என்று, அவனுக்குப் பகைவனான மன்னனைப் போற்றும் மகாவம்சமே சொல்கிறது. அந்தக் கயிற்றுக்கு இரண்டே முனைகள். நடுவில் இலாகா இல்லை.

என் அப்பாயி இங்கிலீஷ் அறியாதவர். அதே வருஷம் மொனராகலை, புத்தல வழியாகக் கதிர்காமம் போய், அதே முறையீட்டைத் திரைக்கு முன்னே நின்று சொல்லிவிட்டு வந்தார். அங்கே மூர்த்தியை யாரும் காண்பதில்லை. கப்புறாளையும் வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் பூசை செய்கிறார். போய்வந்ததற்குச் சாட்சியாக மஞ்சள் துணியில் முடிந்த ஒரு ஐந்து சதம் அந்தத் தகரப் பெட்டியிலேயே இருக்கிறது.

பாட்டனாரின் பெட்டிசத்துக்குப் பதில் எட்டு மாதம் கழித்து வந்தது, ஓர் அலுவலகத்திலிருந்து, ஒற்றை வரியில்: விண்ணப்பம் உரிய இடத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது. கையெழுத்தை எத்தனையோ முறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டேன், பெயர் விளங்கவில்லை. அதன் கீழே டைப் அடித்திருப்பதுதான் விளங்குகிறது: செயலாளருக்காக.