ஷிப்ட் இல்லாத வேலை

மும்பை கோவண்டியில் எங்கள் பக்கத்துப் பெண்கள் பலருக்குப் 'பேஷண்ட் பார்க்கிற' வேலை. ஆள் அனுப்பும் பியூரோ மூலம் கிடைப்பது. காலை எட்டு மணிக்குள் செம்பூரிலோ காட்கோபரிலோ ஏதாவது ஒரு பிளாட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். படுத்த படுக்கையாகக் கிடக்கும் பெரியவரைத் துடைத்து, டயப்பர் மாற்றி, மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றி, புரட்டிப் படுக்க வைத்து, இரவு எட்டு மணிக்கு அடுத்த பெண் வந்ததும் கிளம்பிவிடலாம்.

அப்படி வேலைக்குப் போகும் ஒருத்தி பக்கத்து ரூமில் இருக்கிறாள். வீட்டில் அவள் மாமியார் பக்கவாதத்தில் கிடக்கிறார். பகலில் பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பாட்டிக்குக் காவல். இரவு இவள் முறை. ஒருநாள் தண்ணீர் பிடிக்கும் நேரத்தில் சொன்னாள்: "அங்கன எட்டு மணியாச்சுன்னா 'நான் வாரேம்மா'ன்னு சொல்லிட்டு வந்துரலாம் அண்ணாச்சி. இங்கன யார்கிட்டச் சொல்ல?"

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு கே.இ.எம். மருத்துவமனையின் நினைவுதான். கோவண்டியிலிருந்து ஹார்பர் லைனில் ஏறிக் குர்லாவில் மாறினால் பரேல். அங்கே செவிலியராக இருந்த அருணா ஷான்பாக், 1973 நவம்பர் 27 அன்று அதே மருத்துவமனையின் வார்டுபாய் ஒருவனால் தாக்கப்பட்டு, மூளைக்கு ரத்தம் போகாமல் நினைவிழந்தார். 2015 மே 18 அன்று நிமோனியாவில் இறக்கும் வரை, ஏறத்தாழ 42 ஆண்டுகள், அதே மருத்துவமனையில் படுக்கையிலேயே இருந்தார். 1980களில் மாநகராட்சி அவரை வேறிடத்துக்கு மாற்ற முயன்றபோது செவிலியர்கள் வேலைநிறுத்தம் செய்து தடுத்தார்கள். அவரை இறக்க அனுமதிக்கக் கோரி பத்திரிகையாளர் பிங்கி விரானி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011 மார்ச் 7 அன்று மறுத்துத் தீர்ப்பளித்தது. அத்தனை ஆண்டு படுக்கையில் இருந்தும் அவர் உடம்பில் ஒரு படுக்கைப் புண்கூட வரவில்லை என்பது அந்த வழக்கில் வியப்போடு பேசப்பட்டது.

இருக்க விடுவதா, போக விடுவதா என்ற பெரிய விவாதம் அந்த வழக்கிலிருந்துதான் இந்தியாவில் சூடு பிடித்தது. அதற்குள் நான் இப்போது போகவில்லை. படுக்கைப் புண் இல்லாத அந்த உடம்புதான் என்னை யோசிக்க வைக்கிறது. ஒரே பக்கமாகக் கிடந்தால் இடுப்பெலும்பும் குதிகாலும் அழுந்தும் இடத்தில் ரத்த ஓட்டம் நின்று, தோல் சிவந்து, பிறகு குழியாகிவிடும். தடுக்க முக்கியமான வழி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடுவது. இரவிலும்தான். நடுநிசி, இரண்டு, நான்கு, ஆறு.

செவிலியர்கள் அருணாவை அப்படிப் பார்த்துக்கொண்டதை எல்லாரும் அன்பு என்றார்கள், தியாகம் என்றார்கள். அன்பு இருந்தது, சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அன்புக்கு ஒரு டியூட்டி சார்ட்டும் இருந்தது. இரவு ஷிப்ட் முடித்த செவிலியர் காலையில் வீட்டுக்குப் போய்த் தூங்கினார். ஓய்வு பெற்றவர் அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். அருணா நடமாடி ஒருநாளும் பார்த்திராத பெண்கள், அவர் படுக்கையில் விழுந்த பிறகு பிறந்தவர்கள்கூட, அவருக்கு ஊட்டிவிட்டார்கள். எவ்வளவு பாசக்காரியாக இருந்தாலும் ஒரே ஒருத்தியால் அது நடந்திருக்காது.

வீட்டில் நாம் அந்த ஒரே ஒருத்தியைத்தான் நியமிக்கிறோம். யாரும் கூடிப் பேசி முடிவு செய்வதில்லை, தானாக அமைந்துவிடுகிறது. துபாயில் இருக்கும் மகன் பணம் அனுப்புகிறான். திருநெல்வேலியில் இருக்கும் மகள் போனில் யோசனை அனுப்புகிறாள். கூட இருக்கும் மருமகள் பீ மூத்திரம் அள்ளுகிறாள். பார்க்க வருகிறவர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொண்டு வந்து, "என்ன இப்படி எளைச்சுட்டாங்க?" என்று ஒரு கேள்வியையும் போட்டுவிட்டுப் போகிறார்கள். "உனக்குத்தான் புண்ணியம்" என்பதும் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு சொல்கிற வார்த்தைதான். புண்ணியத்தில் பங்கு கேட்டு யாரும் உள்ளே திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

பத்துக்குப் பதினைந்து அடி ரூம். அதில் ஆறு பேர். நடு ராத்திரி மாமியாரைப் புரட்டினால் காலடியில் படுத்திருக்கும் பிள்ளைக்கும் விழிப்பு வரும். ஜன்னலைத் திறந்தால் தேவனார் குப்பைமேட்டுக் காற்று. 1927 முதல் நகரம் அங்கே குப்பை கொட்டி வந்திருக்கிறது. மாதக்கணக்கில் முழு இரவு தூங்காதவளுக்கு ஒருநாள் மனதில் அது வரும்: 'போய்ச் சேர்ந்தால் தேவலை.' வந்ததும் தன்னையே அறைந்துகொள்வாள், சாமிக்கு முடிச்சு போடுவாள், மறுநாள் இன்னும் கடுமையாக உழைப்பாள். அந்த நினைப்பைப் பாவம் என்று நான் ஏற்கமாட்டேன். அது தூக்கமின்மை. எட்டு மணி நேரம் தொடர்ந்து தூங்க விட்டால் பெரும்பாலும் போய்விடும்.

கோவண்டிக்கு இன்னொரு நோயும் நன்றாகத் தெரியும். காசநோய், அதுவும் மருந்துக்குப் படியாத வகை. சில ஆண்டுகளுக்கு முன்பு வரை அதற்கான சிகிச்சை இரண்டு வருடம்வரை இழுக்கும். மாதக்கணக்கில் தினமும் ஊசி. அந்த ஊசியால் காது போனவர்கள் உண்டு. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு இங்கே நடத்திய கிளினிக்கில் மருந்தோடு ஆலோசகரும் இருந்தார். நோயாளிக்கு மட்டுமல்ல, கூட வந்தவருக்கும் பேச ஓர் ஆள். இப்போது பெடாகுவிலின் உள்ளிட்ட மாத்திரைகளால் ஆறு மாதத்தில் முடிகிற சிகிச்சைக்கு 2024 செப்டம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் அனுமதி தந்திருக்கிறது. நோயாளிக்கு எவ்வளவு விடுதலையோ அவ்வளவு விடுதலை பக்கத்தில் இருப்பவருக்கும். பக்கவாதத்துக்கும் முற்றிய புற்றுக்கும் அப்படி நாளைச் சுருக்கும் மாத்திரை இல்லை. அங்கே ஆள்தான் மாற வேண்டும்.

மாற முடியும் என்பதைக் கேரளம் காட்டியது. கோழிக்கோட்டில் 1993இல் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபாலும் மற்றவர்களும் தொடங்கிய வலி, நோய்த்தணிப்புச் சங்கம் பிறகு அக்கம்பக்கத்துக்காரர்களிடம் போனது. ஆசிரியர், கடைக்காரர், கல்லூரிப் பிள்ளைகள் என்று யார் யாரோ பயிற்சி எடுத்துக்கொண்டு, வாரத்தில் சில மணி நேரம் படுக்கையில் இருப்பவர் வீட்டுக்குப் போகிறார்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே வந்து நோய்த்தணிப்புச் சிகிச்சை தருகிறது. மும்பையில் பாந்த்ராவில் 1986இலேயே சாந்தி அவேத்னா சதன் வந்துவிட்டது. கைவிடப்பட்ட புற்றுநோயாளிகளைக் கடைசிவரை பார்த்துக்கொள்ளும், இந்தியாவின் முதல் இல்லம். ஆனால் கோவண்டி சந்துகளில் கேஸ் பேப்பரைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்துக்கொண்டு சதாப்தி, சயன் மருத்துவமனைகளுக்கு அலைகிறவர்களில் எத்தனை பேர் அதன் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள்?

இதையெல்லாம் சொன்னால், "பெத்தவளைப் பார்க்கிறதுக்கு ஷிப்டாய்யா?" என்று கேட்கும் உறவினர்கள் எனக்கும் இருக்கிறார்கள். கேட்பவர் யாரென்று கவனித்திருக்கிறேன். அநேகமாக ஒரு ராத்திரிகூட அந்தப் படுக்கையருகே உட்காராதவர். பக்கத்து ரூம் பெண்ணின் வேலையில் பாதியை எடுத்துக்கொள்ள அவர்கள் குடும்பத்தில் கணவன், கொழுந்தன், நாத்தனார் என்று மூன்று பேர் இருக்கிறார்கள். மூவருக்கும் கை கால் திடமாக இருக்கிறது. டயப்பர் மாற்ற ஆண்களுக்குத் தெரியாது என்கிறார்கள். கே.இ.எம்.மில் சேர்ந்த முதல் நாளில் எந்தச் செவிலியருக்கும் தெரிந்திருக்காது. கற்றுக்கொண்டார்கள்.

உங்களுக்குத் தெரிந்த வீட்டிலும் யாராவது இப்படிப் படுத்திருப்பார்கள், பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். அடுத்த தடவை பார்க்கப் போகும்போது ஆப்பிள் வேண்டாம். சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்குப் போங்கள். எந்த மாத்திரை எப்போது, எந்தப் பக்கம் புரட்ட வேண்டும் என்று அவளிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு, "காலையில் ஆறு மணி வரைக்கும் நான் பார்த்துக்கிடுதேன், நீ போய்த் தூங்கு" என்று சொல்லுங்கள்.