ஏப்ரல் 27, தெருவே கடை

நெதர்லாந்தில் அரசர் வில்லெம்-அலெக்சாண்டரின் பிறந்தநாள் ஏப்ரல் 27. அது ஞாயிறாக வந்தால் கொண்டாட்டம் முந்தின நாளே. அரச குடும்பத்துக்குரிய ஆரஞ்சு நிறத்தில் ஊரே குளிக்கும். ஆம்ஸ்டர்டாம் கால்வாய்களில் படகுக்குப் படகு பாட்டும் கூத்தும்தான்.

ஆனால் அங்கே படிக்கப் போன மாணவருக்கு அசல் விருந்து தெருவோரத்தில். அன்று ஒருநாள் மட்டும் உரிமம் இல்லாமலே யாரும் பழைய சாமான் விற்கலாம். வாணலி, மேசைவிளக்கு, மிதிவண்டிப் பூட்டு எல்லாம் போர்வைமேல் பரப்பிக் கிடக்கும். ஆம்ஸ்டர்டாமின் ஃபோன்டல் பூங்கா முழுக்கக் குழந்தைகளின் கடைகள்: ஒரு சிறுமி தன் பொம்மைகளை விற்பாள், பக்கத்திலேயே ஒரு பையன் வயலினைக் கரகரவென இழுத்துக் காசு சேர்ப்பான். (வாசிப்பு எப்படியிருந்தாலும் காசு விழும்.)

உதவித்தொகையில் காலம் தள்ளுகிறவர் பாதி அறையை அன்றே நிரப்பிவிடலாம். அதைவிட, தன்னிடம் இருக்கும் நாலு பழைய புத்தகங்களை விரித்து உட்கார்ந்து பார்க்கலாம். மாதக்கணக்கில் தலையசைப்போடு போன அண்டைவீட்டார் அன்று குனிந்து விலை கேட்பார், பேரம் பேசுவார், ஊர் விசாரிப்பார். வேடிக்கை பார்ப்பவருக்கு இது வாய்க்காது. ஸ்வெட்டர் மட்டும் கையோடு இருக்கட்டும். ஏப்ரல் முடிவிலும் அங்கே குளிர் விட்டபாடில்லை.