உடலோம்பலும் ஓய்வும்

உடலோம்பல் ஒவ்வொருவரதும் கடமை என்பர். அக்கடமைக்குப் பணம் இன்றியமையாததா? உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, வளர்ந்தோர்க்கு வாரத்தில் 150 நிமிட மிதமான உடலியக்கமேனும் வேண்டும். விரைந்த நடை இதற்குப் போதும். தசை வலுவுக்குத் தண்டால் உண்டு. எனவே கட்டணம் செலுத்திச் சேரும் உடற்பயிற்சி நிலையம் வசதியேயன்றித் தேவையன்று.

ஆயின் நடைக்கும் ஒரு விலையுண்டு, அது நேரம். விரிவுரைகளுக்கிடையே மாணவர் அதனைப் பெறலாம். கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலையொன்றில் பகலெல்லாம் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து, மாலையில் அடுப்படிக்குத் திரும்பும் பெண் எங்ஙனம் பெறுவாள்? அவளிடம் குறைந்திருப்பது மனவுறுதியன்று; ஓய்வு. அவ்வோய்வை மறுக்கும் சமூகம், உடலைப் பேணாதவள் என அவளைப் பழித்தல் அறமாகாது. உடலோம்பலைக் கடமையெனக் கொள்வோமாயின், அதற்குரிய நேரத்தை அவளது உரிமையெனவும் கொள்ளல் வேண்டும்.