யோபுவின் மகள்கள்

மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து இருபது நாள் ஆகிறது. வீட்டில் தொட்டில் ஆடுகிறது. பேர் இன்னும் வைக்கவில்லை. "எபிரேயப் பேருதானுங்கப்பா வேணும், ஆனா அர்த்தம் நல்லா இருக்கோணும்" என்று சொல்லிவிட்டாள். அவசரமில்லை. பிறப்புப் பதிவில் பெயர் சேர்க்க ஓராண்டு வரை கட்டணம் கிடையாது.

போத்தனூரில் இந்தப் பேர்களுக்கு என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. 1862இல் ரயில் வந்த பிறகு, வேலை தேடி நாலா திசையிலிருந்தும் குடும்பங்கள் வந்து சேர்ந்த ஊர் இது. நான் சிறுவனாக இருந்தபோது ஒரே வரிசை வீடுகளில் திருநெல்வேலி அன்னாளும், பாலக்காட்டுப் பக்கத்து அன்னம்மாவும், ஆங்கிலோ இந்தியர் வீட்டு ஆனும் இருந்தார்கள். மூன்றும் ஒரே பேர்தான். எபிரேயத்தில் அருள் என்று பொருள். மலையாளி அதோடு அம்மாவைச் சேர்த்தார். தமிழர் 'ள்' போட்டு ஆண்டாளுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார். சாராள், லேயாள், ரெபேக்காள் எல்லாம் அப்படி நம் வீட்டுப் பெண்களானவர்கள். 1995இல் வந்த வேதாகமப் பொது மொழிபெயர்ப்பில் சாரா, லேயா என்று அந்த 'ள்' உதிர்ந்துவிட்டது. எனக்கு அதில் வருத்தம்தான்.

பொருளைத் தேடிப் போனால் பாதிப் பேர் காட்டிலும் மேட்டிலும் இருக்கின்றன. தெபோராள் தேனீ. ராகேல் செம்மறிப் பெட்டை. தாமார் பேரீச்சை மரம். யாகேல் மலையாடு. வால்பாறைப் பாதையில் வரையாடு பாறை விளிம்பில் நிற்பதைப் பார்த்தவருக்கு அந்தப் பேரின் மிடுக்கு புரியும். ஆடு மேய்த்தவர்கள் தாங்கள் ஆசையாகப் பார்த்ததையெல்லாம் மகளுக்குச் சூட்டியிருக்கிறார்கள். நம்மிடமும் மயில், குயில், கிளி என்று அந்த ஆசை உண்டு. போதும்பொண்ணு என்று பேர் வைத்தவர்களும் நம்மில் உண்டு. அந்தப் பேரைச் சொல்லி ஒருத்தியை ஆயுசுக்கும் கூப்பிட எப்படி மனசு வந்ததோ!

என் அம்மாவுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பேர் சாராள். தலைவி, இளவரசி என்று பொருள். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது யாரோ சரளா என்று எழுதிவிட்டார்கள். கடைசிவரை காகிதத்தில் அம்மா சரளாதான். அதை அவர் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. தாத்தா இறந்த வருஷம் நடந்ததைத்தான் மறக்கவில்லை. "உனக்குத்தான் சீரெல்லாம் செஞ்சாச்சே அம்மிணி" என்று சொல்லி, சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை நீட்டினார்கள். படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். கிறிஸ்தவக் குடும்பத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு என்று 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் சொல்கிறது. திருவிதாங்கூர்ப் பெண்களுக்கு அது கிடைக்க மேரி ராய் உச்ச நீதிமன்றம் வரை போய் 1986இல் வெல்ல வேண்டியிருந்தது. எங்கள் பக்கம் சட்டம் எப்போதும் இருந்தது. கூடவே விடுதலைப் பத்திரமும் இருந்தது. தலைவி என்று பேர் வைத்த அதே குடும்பம், தலைவிக்கு ஒரு சென்ட் நிலம்கூட விட்டுவைக்கவில்லை.

பேத்திக்காக வேதாகமத்தைப் புரட்டியபோது யோபு புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில் நின்றுவிட்டேன். எல்லாவற்றையும் இழந்து மீண்டவருக்கு மறுபடி ஏழு மகன்கள், மூன்று மகள்கள் பிறக்கிறார்கள். மகன்களில் ஒருவர் பேர்கூட அங்கே இல்லை. மகள்கள் மூவருக்கும் இருக்கிறது: எமீமாள், கெத்சீயாள், கேரேனாப்புக். முதல் பேருக்குப் புறா என்று பொருள் சொல்வார்கள். அடுத்தது மணக்கும் பட்டை. மூன்றாவது மைச்சிமிழ். அம்மா எங்களுக்கெல்லாம் மையிட்ட பித்தளைச் சிமிழ் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. அதனால் அந்த மூன்றாவது பேரை வெகுநேரம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாவையும் புண்ணையும் கண்டு மீண்ட மனிதர் மகள்களுக்குப் பேராக வைத்தது சிறகையும் வாசத்தையும் கண்மையையும். அதோடு நிற்கவில்லை அவர். சகோதரர்களின் நடுவே மகள்களுக்கும் பங்கு கொடுத்தார் என்று அடுத்த வசனத்திலேயே இருக்கிறது. இத்தனை வருஷம் எத்தனையோ தடவை வாசித்தும் அந்த வரி என் கண்ணில் தங்கியதே இல்லை.

நல்ல பொருள் மட்டும் ஒருத்தியைக் காப்பாற்றிவிடாது. வேதாகமத்தில் வரும் நகோமி என்ற பேருக்கு இனியவள் என்று பொருள். கணவனையும் இரண்டு மகன்களையும் புதைத்துவிட்டு ஊர் திரும்பியவள், இனி என்னை மாராள் என்று கூப்பிடுங்கள் என்றாள். மாராள் என்றால் கசப்பு. அவளுக்குக் கைகொடுத்தது பேர் இல்லை. கூடவே வந்த மருமகள் ரூத்தும், மீட்கப்பட்ட நிலமும்தான்.

மகளிடம் இதையெல்லாம் சொன்னேன். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவள், "பட்டைங்கறது நல்லாத்தான் இருக்குதுங்கப்பா" என்றாள். கெத்சீயாள் என்றே முடிவாகியிருக்கிறது, 'ள்' உட்பட. வெள்ளலூர் ரோட்டில் எனக்கிருக்கும் ஆறு சென்ட் மனையை மகனுக்கு மூன்று, மகளுக்கு மூன்று என்று போன வாரம் எழுதி வைத்துவிட்டேன். உங்கள் வீட்டிலும் ஒரு சாராளோ சரளாவோ இருப்பார். விடுதலைப் பத்திரத்தை மட்டும் அவர் முன்னால் நீட்டிவிடாதீர்கள்.