மலையேறும் பாரம்

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை. நீலகிரிக்கு ஏறும் வழியில், மேட்டுப்பாளையம் தாண்டிக் கல்லாறு வந்ததுமே வண்டிகள் ஊர்ந்துதான் போகின்றன. குன்னூர் வரைக்கும் 14 கொண்டை ஊசி வளைவுகள். முதல் கியரிலேயே ஏறும் வண்டிகளின் கிளட்ச் கருகும் வாடை, தலை சுற்றி ஜன்னலோரம் சாயும் குழந்தை, தடுப்புச் சுவரில் உட்கார்ந்து சிப்ஸ் பொட்டலத்துக்குக் காத்திருக்கும் குரங்குகள். மேலிருந்து கோவை மருத்துவமனைக்கு நோயாளியோடு இறங்கும் ஆம்புலன்ஸ் ஒன்று, சைரன் அலற அலற அப்படியே நிற்கிறது. வழிவிட யாருக்கும் மனமில்லாமல் இல்லை; ஒதுங்க இடமில்லை.

அந்த வரிசையில் நிற்பவர்களில் கெட்டவர் என்று யாரையும் கை காட்ட முடியாது. வெயிலில் வெந்தவர்கள் இரண்டு நாள் குளிர்ச்சிக்கு ஆசைப்பட்டு வந்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் செய்தது சின்னக் காரியம். எல்லாம் சேர்ந்து ஒரு மலையின் மூச்சை முட்டவைக்கிறது. செய்தவர் இல்லாமலே நடந்துவிடும் இந்தத் தீங்குக்கு யாரைப் பொறுப்பாக்குவது?

2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும், வண்டிகள் முன்கூட்டியே பதிவு செய்துகொண்டு வரும் இ-பாஸ் முறையைக் கொண்டுவரச் சொன்னது. சீசன் நாட்களில் நீலகிரிக்குள் நாளொன்றுக்கு 20,000 வாகனங்கள் வரை நுழைகின்றன என்ற கணக்கு அப்போது நீதிமன்றத்தின் முன் இருந்தது. 2011 கணக்கெடுப்பின்படி அந்த மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகையே ஏழரை லட்சத்துக்குள்தான். அடுத்த ஆண்டு கோடையில் உச்சவரம்பும் வந்தது: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. அரசுப் பேருந்துக்கும் ரயிலுக்கும் உள்ளூர் வண்டிகளுக்கும் அந்த வரம்பு இருக்கவில்லை.

இப்படி வண்டிகளைக் கட்டுப்படுத்துவதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் ஒன்று நெஞ்சைத் தொடுவது. ஊட்டி, வெள்ளைக்காரர்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்ட ஊர். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1820-களில் அங்கே வீடு கட்டியதில் தொடங்கி, மதராஸ் மாகாணத்தின் கோடைக்காலத் தலைநகராக அது வளர்ந்தது. சாமானியனுக்கு அங்கே நெடுங்காலம் இருந்த வேலை மூட்டை சுமப்பதும் தோட்டம் கொத்துவதும்தான். இப்போது திருப்பூரில் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவர் வருஷமெல்லாம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் பிள்ளைகளோடு கிளம்பும்போது ‘இடமில்லை’ என்றால், அது என்ன நியாயம்? பெரிய மனிதர்கள் ஆசை தீரப் பார்த்து முடித்த பிறகு ஏழையின் முறை வரும்போதுதானா மலைக்கு மூச்சு முட்டுகிறது?

இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிப்பவர் சூழலைப் பற்றிப் பேசத் தகுதியற்றவர். நுழைவுக் கட்டணத்தை ஏற்றிக் கூட்டத்தைக் குறைக்கலாம் என்ற யோசனை அடிக்கடி எழுகிறது. அது தவறு என்பதற்கும் இந்தக் கேள்வியே காரணம். விலையால் வடிகட்டினால் கூட்டம் குறையும். மிஞ்சி உள்ளே போகிறவர்கள், மலையிலிருந்து மிக அதிகமாக எடுத்துக்கொள்கிறவர்களாகத்தான் இருப்பார்கள்.

எண்ணவேண்டியது தலைகளை அல்ல, பாரத்தை. கட்டுச்சோறும் புளியோதரையுமாகப் பேருந்தில் வந்து, பூங்காவைப் பார்த்துவிட்டு, அறுநூறு ரூபாய் லாட்ஜில் ஒரே அறையில் ஐந்து பேர் படுத்து எழுந்து போகும் குடும்பம் மலையின் மேல் வைக்கும் பாரம் வேறு. இரண்டு பேருக்கு ஒரு பெரிய கார், குளியல் தொட்டி, தினமும் மாற்றும் விரிப்பு, அறையைச் சூடாக்க ஹீட்டர் என்று வருகிறவர்கள் வைக்கும் பாரம் வேறு. நீலகிரியில் தண்ணீர் என்பது சோலைக்காடும் புல்வெளியும் மழையைப் பஞ்சுபோல் வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடுவது. அந்தக் கசிவை நம்பித்தான் கீழே பவானியும் மோயாறும் ஓடுகின்றன. கோடையில் விடுதி வாசலில் டேங்கர் லாரி நின்று தொட்டியை நிரப்பும் அதே காலையில், மேட்டுத் தெருவில் ஒரு பெண் குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுத் தேயிலை பறிக்கப் போக நேரமாகிறதே என்று தவிக்கிறாள். இந்த இரண்டும் தனித்தனிச் சம்பவங்கள் அல்ல. தொட்டிக்குப் போன தண்ணீர்தான் குடத்துக்கு வராத தண்ணீர்.

பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை இருக்கிறது. வழியெங்கும் தண்ணீர் ஏடிஎம்களும் வைத்திருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் பாட்டிலைக் கொண்டுவராததோடு கடமை முடிந்தது என்ற நிம்மதியையும் அது தந்துவிடுகிறது. ‘இயற்கையோடு இணைந்த தங்குமிடம்’ என்ற பலகை அதைவிடப் பெரிய நிம்மதியை விற்கிறது. மூங்கில் தட்டியும் மண் சுவரும் ஒரு கட்டடத்தை நல்லதாக்கிவிடுவதில்லை, அது யானையின் வழியில் நிற்குமானால். சீகூர் பகுதி யானை வழித்தடத்தை 2020-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அடுத்த சில மாதங்களிலேயே, 2021 ஜனவரியில், மசினகுடியில் ஒரு தங்கும் விடுதிப் பக்கம் வந்த யானையின் மேல் எரியும் டயரை வீசினார்கள். காதில் தீப்பிடிக்க அது இருட்டுக்குள் ஓடியதை நாடே காணொளியில் பார்த்தது. யானை பிழைக்கவில்லை. தீயை வீசிய கைகள் சிலருடையவை. அந்த இடத்தில் விடுதி நடத்த முடிந்தது என்றால், அங்கே அறை எடுக்க ஆள் இருந்ததுதான் காரணம். காட்டுக்கு நடுவே இரவைக் கழிக்கும் ஆசைக்கு, அந்த இரவில் நடமாட வேண்டிய விலங்கு ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்று கேட்க எந்தப் பயணிக்கும் உரிமை கிடையாது. பேரம் பேசி, நடுவே ஒரு புள்ளியில் வந்து நிற்க இதில் இடமே இல்லை.

வியாபாரிகள் விஷயம் அப்படியல்ல. 2025 ஏப்ரலில் வண்டிகளுக்கான உச்சவரம்பை எதிர்த்து நீலகிரியில் கடைகளை அடைத்தார்கள். வர்க்கியும் தைலமும் கேரட் கட்டும் விற்பவருக்குக் கோடை இரண்டு மாதம்தான் அறுவடை. அதில் பாதி போனால் பள்ளிக் கட்டணம் நிற்கும், வட்டி ஏறும். மலையைக் காக்கும் செலவை அவர் தலையில் மட்டும் கட்டுவது அநீதி. ஆனால் ரிசார்ட்டுக்குள்ளேயே சாப்பிட்டு, அங்கேயே பொருள் வாங்கிக் கிளம்பும் காரைவிட, பேருந்து நிலையத்தில் இறங்கி மார்க்கெட் வழியாக நடக்கும் ஐம்பது பேர் அவருக்கு நல்ல வாடிக்கை. வண்டியைக் குறைக்கச் சொல்லும் அரசு, பேருந்தைக் கூட்டியே ஆக வேண்டும். மேட்டுப்பாளையத்தில் காரை நிறுத்தப் பாதுகாப்பான இடம், பத்து நிமிஷத்துக்கு ஒரு பேருந்து, முழங்கால் வலியுள்ள பாட்டியும் ஏறத் தோதான தாழ்ந்த படி, மேலே ஊர் சுற்ற உள்ளூர் ஆட்டோவும் சிறிய பஸ்ஸும். இவை இல்லாத வரைக்கும் இ-பாஸ், முந்திக்கொண்டு போனில் பதிவு செய்யத் தெரிந்தவர்களுக்கான சலுகையாகவே இருக்கும்.

அந்தப் பேருந்துகள் ஓடத் தொடங்கினால், காரில் போக வசதி உள்ளவர்தான் முதலில் அதில் ஏற வேண்டும். ஏழைக் குடும்பம் ஏற்கெனவே அதில்தான் நின்றுகொண்டு வருகிறது.