எழுத்தாளனின் அமானிதம்

எழுத்தறியா மக்களின் துயரத்தை எழுதி, அவர்கள் ஒருநாளும் படிக்கவியலாத நூலால் புகழடைவது முறையா? செனகல் நாட்டு உஸ்மான் செம்பேனை இக்கேள்வி விடாது தொடர்ந்தது. 1923இல் மீனவர் மகனாகப் பிறந்தவர். பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் சுமை தூக்கியவாறே எழுதப் பழகினார். முதல் நாவல் 1956இல் வெளிவந்தது. 1960இல், ரயில்வேத் தொழிலாளரின் வேலைநிறுத்தம் பற்றிய பெருநாவல். இரண்டும் பிரெஞ்சில்! தாயகத்தில் அதைப் படிக்க வல்லார் சிலரே.

நாற்பதை நெருங்கிய வயதில் மாஸ்கோ சென்று, மாணவராய் அமர்ந்து திரைக்கலை பயின்றார். கிதாபோடு வாழ்ந்த என் போன்றோர்க்கு இது இறக்கமாகவே தோன்றும். ஆயின், திறமை அமானிதமெனில், உரியவரிடம் சேர்ப்பிக்காதவரை கடன் தீருமா?

1963இல் டாக்கர் வண்டிக்காரன் ஒருவனைப் பற்றிய குறும்படம் எடுத்தார். அவனும் பிரெஞ்சிலேயே பேசினான். 1968இல்தான், தம் குறுநாவலொன்றை ‘மண்டாபி’ என்னும் படமாக்கியபோது, மக்கள் மொழியான வொலோஃப் ஒலித்தது. பாரிஸிலிருந்து வந்த மணியார்டரைப் பெற அடையாள அட்டையின்றி அலையும் முஸ்லிம் முதியவரின் கதை அது. பிரெஞ்சு அரசுசார் நிதியும் அதிலுண்டு. பிரெஞ்சுப் பதிப்பொன்றும் எடுக்க நேர்ந்தது.

பழைய எசமானர் பணத்தைத் தொடலாமா என்பர் சிலர். அப்பணம் கதையில் எதை மாற்றியது என்றே நான் கேட்பேன். முதியவரின் அலைச்சல் மாறவில்லை. அவர் மொழியும் பறிபோகவில்லை. (பிற்காலப் படங்களில் எனக்கு உடன்படாதவை உண்டு, அது வேறு பேச்சு.) செம்பேனோ நாவலையும் கைவிடவில்லை, படச்சுருளுடன் ஊரூராகச் சென்று, திரையிட்டு, பார்த்தவர்களுடன் அமர்ந்து வாதிட்டார்.